ஆமாம், நான் இளையோர் நாவல்தான் வாசிக்கிறேன்

போன ஆண்டு சிரம்பானில் ஓர் இலக்கியச் சந்திப்புக்குப் போயிருந்தேன். பதினைந்து பேர் இருப்போம். ஒவ்வொருவரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, இப்போது என்ன வாசிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் வெண்முரசில் பாதியைத் தாண்டியிருந்தார். இன்னொருவர் தஸ்தயெவ்ஸ்கியை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. ஆஞ்சி தாமஸ் எழுதிய 'தி ஹேட் யூ கிவ்' நாவலை மூன்றாவது முறையாக வாசிக்கிறேன் என்றேன்.

"அது என்ன நாவல்?"

"பதினாறு வயசுப் பொண்ணோட கதைங்க சார். இளையோர் நாவல்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சின்னப் பிள்ளைங்க படிக்கிறதெல்லாம் போதும்மா. எஞ்சினியர் ஆயிட்டே. இனிமே சீரியஸா ஏதாவது படி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போர்டிக்சனுக்குத் திரும்பும் முப்பது கிலோமீட்டரும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவர் மீது கொஞ்சம், கூடச் சேர்ந்து சிரித்த என் மீது நிறைய. அன்றைக்குச் சொல்லாமல் வந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வாசிப்பைப் பற்றி. நான் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பம்பு, வால்வு, அதிர்வு அறிக்கை, இதுதான் என் நாள். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் மாதங்களில் பன்னிரண்டு மணி நேர வேலை. சாப்பாட்டு நேரத்தில் காரில் உட்கார்ந்து கைப்பேசியில் வாசிப்பேன். வருடத்துக்கு முப்பது புத்தகம் முடித்தால் அதில் பாதி இளையோர் நாவல். மீதியில் புதுமைப்பித்தன், அசோகமித்திரன், இமையம், சீ. முத்துசாமி எல்லாரும் இருக்கிறார்கள். 'இவளுக்கு வேறு எதுவும் ஏறாது' என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பெயர்களைச் சொல்கிறேன். இப்படி நற்சான்றிதழ் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இளையோர் நாவலைச் சிறுவர் கதையோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் அதிகம். பன்னிரண்டு, பதிமூன்றிலிருந்து பதினெட்டு வரை உள்ள வயதின் கதை அது. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பயம் உண்டு, அவர்களும் பொய் சொல்வார்கள் என்று தெரியவரும் வயது. உடம்பு மாறும், நண்பர்கள் மாறுவார்கள், தன் நிறமும் தன் அப்பாவின் சம்பளமும் மற்றவர் கண்ணில் என்னவாகத் தெரிகின்றன என்பது முதல்முறையாக உறைக்கும். 1967-இல் 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் வந்தபோது எஸ்.இ. ஹின்டனுக்குப் பதினெட்டு வயது. எழுத ஆரம்பித்தபோது பதினைந்து. தன் பள்ளியில் பார்த்த பையன்களின் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதால் ஓக்லஹோமாவில் இருந்த அந்தப் பெண் தானே எழுதினாள்.

பெரியவர்கள் இதையெல்லாம் வாசிக்க வெட்கப்பட வேண்டும் என்ற பேச்சும் புதிதல்ல. 2014-இல் ரூத் கிரஹாம் என்பவர் அமெரிக்காவில் இதையே ஒரு கட்டுரையாக எழுதினார். பெரிய சண்டை நடந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கணக்கெடுப்பு, அங்கே இளையோர் நாவல் வாங்குகிறவர்களில் 55 விழுக்காட்டினர் பதினெட்டைத் தாண்டியவர்கள் என்று சொல்லியிருந்தது. அவர்களிடம் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, இதில் எது இலக்கியம் என்று உட்கார்ந்து சண்டை போடலாம். நம்மிடம் அலமாரியே இல்லை. இல்லாத ஒன்றைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறோம்?

என் கதையைச் சொல்கிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இந்த நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாம் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதன் பிறகு இடைநிலைப்பள்ளி, மலாயில். தமிழை அங்கே பாடமாகப் படிக்கலாம். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது 1996 கல்விச் சட்டத்தில் உள்ள விதி. எங்கள் பள்ளியில் பதினைந்து பேர் இருந்தோம். ஆனால் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு. தோட்டத்துக்குப் போகிற பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். பஸ்ஸா தமிழா என்று பதிமூன்று வயதில் நாங்கள் ஒவ்வொருவரும் முடிவெடுத்தோம். எனக்கு மோட்டார் வைத்திருந்த மாமா ஒருவர் இருந்ததால் தமிழ் கிடைத்தது.

அப்படிக் கஷ்டப்பட்டு உட்கார்ந்த வகுப்பில் என்ன வாசித்தோம்? திருக்குறள், பழமொழி, கட்டுரை அமைப்பு, கருத்துணர்தல். வெளியே இருந்து கதை என்று எது வந்தாலும் கடைசியில் ஒரு படிப்பினை வரும். எஸ்.பி.எம். தேர்வுக்கு இலக்கியம் எடுத்தவர்களுக்கு மு.வ.வின் 'வாடா மலர்'. மு.வ. மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் திருமண வாழ்க்கையின் சிக்கலைப் பேசும் நாவலைப் பதினேழு வயதில் மனப்பாடம் செய்தபோது, அதில் என் வாழ்க்கை எங்கேயும் இல்லை.

அதே பள்ளியில் மற்ற மொழிகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த ஆண்டுகளில் ஆங்கிலப் பாடத்துக்கு மண்டலம் மண்டலமாக நாவல் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று கேத்தரின் மெக்ஃபைல் எழுதிய 'கேட்ச் அஸ் இஃப் யூ கேன்'. தாத்தாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து அவரைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போகும் பையனின் கதை. நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு இரவெல்லாம் அழுதேன். எங்கள் தாத்தாவையும் யார் வைத்துக்கொள்வது என்று வீட்டில் அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் தொடங்கிய ஃபிக்ஸியின் மலாய் நாவல்களைத் தோழிகள் மேசைக்கு அடியில் கை மாற்றுவார்கள். பேய், கொலை, காதல், கோலாலம்பூர் ராத்திரி என்று பேச்சு மொழியிலேயே இருக்கும். உயர்ந்த இலக்கியமா என்று கேட்டால் இல்லை. ஆனால் அட்டை கிழிந்து போகிற வரைக்கும் படித்தோம்.

ஆக, என் இளமையின் அழுகை ஆங்கிலத்தில் நடந்தது, ஆசையும் பயமும் மலாயில் நடந்தன. தமிழ் எனக்கு அறிவுரை சொல்லும் மொழியாக மட்டும் இருந்தது. பிறகு பெரியவர்கள் மேடை ஏறி, 'இளைஞர்கள் தமிழ் வாசிப்பதில்லை, எல்லாம் கைப்பேசியால் கெட்டது' என்கிறார்கள். என்னிடம் அப்போது கைப்பேசியே இல்லை சார்.

ஆறாம் ஆண்டில் என்னோடு போட்டி போட்டு வாசித்த ஒரு பையன் இருந்தான். பள்ளி நூலகத்தில் இருந்த கதைப் புத்தகங்களை யார் முதலில் முடிப்பது என்று பந்தயம். அவன்தான் ஜெயித்தான். படிவம் ஒன்றில் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தான். தோட்டத்தை விற்ற பிறகு அவன் குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குப் போனது. படிவம் மூன்றில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அதில் எந்த எண்ணோடு அவன் சுற்றுகிறான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

'தி அவுட்சைடர்ஸ்' எனக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் கிடைத்தது. புத்தகக் கழிவு விற்பனையில் எட்டு ரிங்கிட். அதில் வரும் ஜானி என்ற பையனின் பக்கங்களைப் படிக்கப் படிக்க, மேற்கொண்டு போக முடியாமல் மூடி வைத்தேன். புத்தகம் படித்திருந்தால் அவன் கும்பலுக்குப் போயிருக்க மாட்டான் என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அவ்வளவு வாசித்த ஒருத்தனுக்கு, அவனைப் பற்றி அவன் மொழியில் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. நம் சிறுகதைகளில் இப்படிப்பட்ட பையன்கள் வருகிறார்கள். எழுதுகிற பெரியவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்து, பரிதாபப்பட்டு, அதிர்ச்சியடைந்து போய்விடுகிறார். உள்ளே உட்கார்ந்து அவன் கண்ணால் பார்த்த கதை அபூர்வம்.

'தி ஹேட் யூ கிவ்' நாவலை நான் ஏன் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்டார் என்ற கறுப்பினப் பெண் தன் குடியிருப்பில் ஒரு மாதிரி பேசுவாள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேறு மாதிரி பேசுவாள். நானும் லயத்தில் ஒருத்தி, பள்ளியில் ஒருத்தி. வீட்டில் அம்மா கூப்பிடும் பெயர் தோழிகளுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று பயந்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது என்று எனக்குச் சொன்னது ஓர் அமெரிக்கப் புத்தகம். அப்போது எனக்கு இருபது வயது. நாலு வருடம் தாமதம்.

"ஏன், தமிழ்ல இல்லையா?" என்று கேட்பீர்கள். 1950-இலிருந்து 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனைச் சொல்வீர்கள். எத்தனையோ பேரைத் தமிழ் வாசிப்புக்குள் இழுத்து வந்த நாவல், மறுக்கவில்லை. சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாயை யாருக்குத்தான் பிடிக்காது? ஜெயமோகன் 'பனிமனிதன்' எழுதினார், அதற்காக யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தமிழ்நாட்டில் இப்போது நல்ல மாற்றமும் தெரிகிறது. சிறுவர் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இலும், கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-இலும் பால சாகித்திய புரஸ்கார் வாங்கின. இங்கே கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' மாதிரியான மர்ம நாவல்களை எழுதித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். அவர்கள் எல்லாருக்கும் நன்றி. ஆனாலும் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை இவற்றைப் படித்து முடித்துவிட்டு அடுத்து எதை எடுப்பது? அங்கிருந்து ஒரே தாவாக அசோகமித்திரனுக்குப் போகச் சொல்கிறோம். போகாதவனைக் குறை சொல்கிறோம்.

இரண்டாவதாக, இதெல்லாம் சந்தைச் சரக்கு என்பார்கள். ஆமாம், நிறையக் குப்பை இருக்கிறது. ரத்தக்காட்டேரிக் காதல், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய சர்வாதிகார உலகங்கள், நானே பலவற்றைப் பாதியில் மூடியிருக்கிறேன். நம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரும் கவிதைகளை எண்ணிப் பாருங்கள். அதற்காகக் கவிதை எழுதுவதையே சின்னப்பிள்ளைத்தனம் என்று யாராவது சொன்னோமா?

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. யார் வாங்குவார்கள்? பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகத்தை இங்கே பெரும்பாலும் ஆசிரியர்கள் வழியாகத்தான் விற்க முடியும். ஆசிரியர் வாங்க வேண்டும் என்றால் காதல் இருக்கக்கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, அப்பா குடிக்கக்கூடாது, முடிவில் நாயகி தேர்வில் தேற வேண்டும். எழுதுகிறவர் பேனா எடுக்கும் முன்பே பயந்துவிடுகிறார். கடைசியில் மறுபடியும் அறிவுரைதான் வருகிறது. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று ஒரு பொறியாளராக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இலக்கியச் சந்திப்புகளில் நம்மை நாமே எழுத்தாளர்கள் என்று சொல்லிக்கொள்கிறோமே, அங்கேயாவது சிரிக்காமல் இருந்தால் யாராவது ஒருவர் எழுதத் துணிவார்.

என் அக்கா மகள் படிவம் இரண்டில் இருக்கிறாள். தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தபோது தெலுக் கெமாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரில் இறங்காமல் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். கேட்டதற்கு வெட்கப்பட்டாள். கதை எழுதுகிறாளாம். ஏற்கெனவே பதினொரு அத்தியாயம். கெஞ்சிக் கேட்டு வாங்கிப் படித்தேன். கதையில் வருகிற பெண்ணுக்குத் தமிழ்ப் பெயர், வீட்டில் சாமிமேடை, பாட்டி வெற்றிலை இடிக்கிறாள். கதை முழுக்க மலாயில் இருந்தது. பிழைகள் இருந்தாலும் உயிரோடு இருந்தது.

"நல்லாருக்கு. ஏன் தமிழ்ல எழுதல?" என்றேன்.

"தமிழ்ல எழுதினா கட்டுரை மாதிரி வருது சித்தி."

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, தமிழில் நல்ல தேர்ச்சி வாங்கிய பிள்ளை. அவளுக்குத் தமிழ் தெரியும். அந்தத் தமிழில் பதினாலு வயசுப் பெண் கோபப்பட்டால் எப்படி இருக்கும், ஒரு பையனைப் பிடித்திருந்தால் எப்படிச் சொல்வாள் என்று அவள் ஒருநாளும் படித்ததில்லை.

சார், அடுத்த சந்திப்புக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். என்ன வாசிக்கிறாய் என்று கேளுங்கள், சொல்வாள். பிறகு அவள் கையில் என்ன புத்தகம் கொடுப்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.