யானை வாங்குவோர் கவனத்திற்கு

யானையை வாங்குவது பெரிதன்று. அதனைக் கட்டித் தீனி போடுவதே பெரிது என்பர் நம் முன்னோர். பழைய ஆடம்பரக் கார் ஒன்றை வாங்க நினைப்போர் இம்மொழியை ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்துப் பார்த்தல் நலம்.

சில வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தார். ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறியவர். பணிக்கொடையாகக் கிடைத்த பணத்தை வங்கியிலிட்டுச் சிக்கனமாக வாழ்பவர். மகளின் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. “கொழும்பிலே ஐரோப்பியக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் கார், தோல் இருக்கை, கண்ணாடிபோல் மின்னுகிறது. சிறிய யப்பானியக் காரின் விலைதான் கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டாரை அதிலே அழைத்துவந்தால் எவ்வளவு மதிப்பு! நீரும் ஒருக்கால் வந்து பாரும்” என்றார்.

அத்துணைப் பெரிய கார் அத்துணைச் சிறிய விலைக்கு வருவானேன்? 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்திற் சிறிய கார்களின் விலை வானளாவ ஏறிற்று. வயது முதிர்ந்த ஆடம்பரக் கார்களோ அவ்வாறு ஏறவில்லை. அவற்றைப் பேணும் செலவை அறிந்தோர் அஞ்சி ஒதுங்கியமையே காரணம். காரின் விலை ஆண்டுதோறும் இறங்கும். அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. பழைய காரை வாங்கியவன் புதிய காருக்குரிய செலவையே செய்தல் வேண்டும். இந்த ஓர் உண்மையை மறந்தோரே பெரிதும் வருந்துகின்றனர்.

பெயர்பெற்ற கம்பனியின் கார் பழுதாகாது என்பார் உளர். பெயரை மட்டும் நம்புதல் தகாது. 1984ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய பென்ஸ் வகையொன்று நீண்ட ஆயுளுக்குப் புகழ்பெற்றது. ஆயினும் அதே வகையில் 1990களின் முற்பகுதியிற் செய்யப்பட்ட பல கார்களில், எஞ்சினைச் சுற்றிய மின்கம்பிகளின் உறை சூட்டினால் உலர்ந்து உதிர்ந்துபோயிற்று. 2002இல் வெளிவந்த அதன் வழித்தோன்றலுக்கு மின்விசைப் பம்பியால் இயங்கும் புதுமுறைப் பிறேக் பொருத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டில் இம்முறை பூண்ட ஏறத்தாழ 680,000 கார்களை அக்கம்பனியே திருப்பியழைத்தது. 2006இல் அவ்வகைக் காரிலிருந்து இம்முறையையே நீக்கிவிட்டது. 2007இல் வந்த பீ.எம்.டபிள்யூ டீசல் எஞ்சின் ஒன்றில், தேய்வுக்கு இலக்கான சங்கிலி எஞ்சினின் பின்புறத்தே அமைந்திருந்தது. அதனை மாற்றுவதற்கு எஞ்சினையே கழற்ற வேண்டியதாயிற்று. மறுபுறம், 1989இல் அறிமுகமான முதல் லெக்சஸ் கார் ஆடம்பரமும் உழைப்பும் ஒருங்கே கொண்டது எனப் பெயரெடுத்தது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி “எந்தக் கம்பனி?” என்பது மட்டுமன்று; “எந்த ஆண்டு, எந்த எஞ்சின்?” என்பதுமாகும்.

நண்பரின் கதைக்கு வருவோம். அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு, சொல்லிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே சென்றோம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்தலே முறை. சூடேறிய எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். முதன்முறை இயக்குகையிற் சங்கிலி கடகடவென்று ஒலித்தால் தேய்வு என்று ஐயுறலாம். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. வெண்புகை நீங்காது வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது எனக் கொள்ளலாம்.

நாம் போனபோது கார் முற்றத்தில் நின்றது. நண்பர் அதன் மினுக்கத்தைப் பார்த்தார். மெக்கானிக்கோ குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். முன்புறத்தின் இடப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. இத்தகைய கார்கள் சிலவற்றில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளே உடலைத் தாங்குகின்றன. றப்பர் முதிர்ந்து வெடித்தால் இரவிலே காற்றுக் கசிந்து கார் அமர்ந்துவிடும். பகலில் எஞ்சினை இயக்கியதும் பம்பி காற்றை நிரப்பி அதனை மீண்டும் தூக்கி நிறுத்தும். ஓயாது உழைக்கும் அப்பம்பியும் நாளடைவில் எரிந்துபோகும். ஒரு மணித்தியாலம் பிந்திச் சென்றிருப்பின் இக்குறை நம் கண்ணிற்படாது.

அடுத்துத் திறப்பைத் திருப்பச் செய்தார். எச்சரிக்கை விளக்குகள் யாவும் ஒரு கணம் எரிந்து பின் அணைதல் வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு நலத்தின் அறிகுறியன்று. அதனை யாரேனும் செயலிழக்கச் செய்திருக்கலாம். பின்னர் தம் சோதனைக் கருவியைக் காரின் கணினியோடு இணைத்தார். பிழைக்குறி ஒன்றுமில்லை. நண்பர் முகம் மலர்ந்தது. மெக்கானிக் தலையசைத்தார். “ஐயா, பிழை இல்லாமையும் பிழையை அழித்துவிட்டமையும் ஒன்றல்ல. குறிகளை அழித்தால் கார் தன்னைத் தானே சோதிக்கும் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். இங்கே ஒன்றேனும் முடியவில்லை. நேற்றோ முந்தாநாளோதான் அழித்திருக்கிறார்கள்” என்றார்.

மீற்றர் காட்டிய தூரமோ 80,000 கிலோமீற்றர். ஆனாற் பிறேக் மிதியின் றப்பர் வழுவழுத்திருந்தது. சாரதி இருக்கையின் ஓரம் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. பராமரிப்புப் புத்தகத்தைக் கேட்டோம். வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாம். மீற்றரைத் திருத்துதல் இன்று எளிது. ஆண்டும் தூரமும் குறித்த பற்றுச்சீட்டுகளை வரிசையாக உண்டாக்குதல் அத்துணை எளிதன்று.

இன்னும் இரண்டு சோதனைகளைக் குறிப்பிடுதல் அவசியம். முதலாவது வெள்ளம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் எண்ணற்ற வாகனங்கள் நீரில் அமிழ்ந்தன. ஆடம்பரக் கார்கள் பலவற்றின் மின்னணுப் பெட்டிகள் தரைவிரிப்பின் கீழேயே உள. இருக்கைப் பட்டியை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கே காணப்படும். மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியையும் பாருங்கள். இரண்டாவது பத்திரம். பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரிலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இருப்பின், கடன் தீர்ந்தமைக்குச் சான்று பெறாது ஒரு சதமும் கொடுத்தலாகாது.

ஆடம்பரக் காரே வாங்கலாகாது என்பது நம் கருத்தன்று. ஒரே கையில் இருந்து, முறையாக ஒயில் மாற்றி, பற்றுச்சீட்டுகளைக் காத்துவைத்த உரிமையாளரிடம் நல்ல கார் கிடைக்கக்கூடும். அப்போதும், தருமுன் ஒரு கடுதாசியை எடுத்து, காற்றுப் பை, பிறேக், கியர்ப்பெட்டி ஆகியவற்றின் இன்றைய விலைகளை விசாரித்து எழுதுங்கள். அவற்றுள் ஒன்று முதலாண்டிலேயே பழுதுற்றால் தாங்குவதற்கு வங்கியிற் பணம் மிஞ்சுமா என்று பாருங்கள். மிஞ்சாதாயின் அக்கார் உங்களுக்குரியதன்று.

நண்பர் அக்கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டிலே நடந்ததைக் கேட்ட அவர் மனைவியார், “சம்பந்தி வீட்டார் எங்கள் காரைப் பார்த்தா பெண் கேட்டவர்கள்? அன்றைக்கு ஒரு நாளைக்கு நல்ல காராக வாடகைக்குப் பிடித்தாற் போதாதா?” என்றார். அவ்வாறே செய்தனர், திருமணமும் இனிதே நிறைவேறிற்று. அந்த மெக்கானிக்குக்குக் கொடுத்த கூலியை வீண் செலவென்று நண்பர் முதலில் நொந்துகொண்டார். இப்பொழுதோ தம் பணிக்கொடையைக் காத்த காவற்கூலி அதுவே என்று சொல்லிக்கொள்கிறார்.