சிங்காரவேலர் மாளிகையும் புளியந்தோப்புக் குடிசையும்

திங்கக்கிழமை காலையில் ராஜாஜி சாலைக்குப் போனால், ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கிற சனங்களைப் பார்க்கலாம். பட்டா கேட்டு, வீடு கேட்டு. ராயபுரம், திருவொற்றியூர் ஆட்களும் அதில் உண்டு. கட்டிடத்துக்குப் பேர் சிங்காரவேலர் மாளிகை.

மீனவர் குடும்பத்தில் 1860-இல் பிறந்தவர். பவுத்தம் பேசியவர். 1921-இல் வெள்ளைக்காரன் கோர்ட்டே வேணாமென்று வக்கீல் தொழிலை விட்டார். 1922-இல் கயா காங்கிரசில் கம்யூனிஸ்டாக எழுந்து தொழிலாளிக்காகப் பேசினார். 1923 மே 1, உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் மே நாள் கூட்டம் போட்டார். மாளிகையிலிருந்து நடந்தே போய்விடலாம். 1928 ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக 68 வயசில் ஜெயிலுக்குப் போனார்.

இதெல்லாம் இடதுசாரித் தோழர்கள் மேடையில் சொல்றதுதான். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம் வந்தால் மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நாம் தாண்ட முடியாது.

அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் நம் சனங்களின் குடிசைகள் எரிந்தன. இன்னைக்கும் வரலாறு எழுதுறவங்க 'கருங்காலி' என்று ஒரே சொல்லில் முடிச்சிடறாங்க. சங்கத் தலைமையில் நம்மாளு எத்தனை பேர்? கூலி நின்னா திரும்பிப் போக ஊர்ல காணி இருந்துச்சா? எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றது சும்மா இல்லை. நிர்வாகமும் அரசும் இதைப் பயன்படுத்திக்கொண்டது உண்மைதான். ஆனா பிளவை அவன் உண்டாக்கல. ஏற்கெனவே இருந்த பிளவில் ஆப்பு அடிச்சான்.

சிங்காரவேலர் வேலைநிறுத்தத்தின் பக்கம் நின்றார். 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுத் தலைமையுரையில் தீண்டாமையைப் பொருளாதாரப் பிரச்சினை என்றார். அப்படின்னா, ஒரே ஆலையில் வேலை பார்த்தவங்களுக்குள்ள குடிசை ஏன் எரிஞ்சுது? பிற்பாடு 'குடி அரசு' இதழில் சாதியையும் மதத்தையும் எதிர்த்து எழுதியவர் அவர். அதனால்தான் இந்தக் கேள்வியை உரிமையோடு கேட்கிறோம்.

நமக்கு மட்டும் நடந்த கதையில்லை இது. கியூபாவின் அந்தோனியோ மாசியோ கருப்பினத் தளபதி. அடிமைமுறை ஒழியாத சமாதானம் வேணாமென்று 1878-இல் ஸ்பெயின் தளபதியிடம் நேருக்கு நேர் சொன்னவர். கருப்பர் ஆட்சி அமைக்கப் பார்க்கிறான் என்று சொந்தப் படையிலேயே சந்தேகப்பட்டார்கள். 1896-இல் போர்க்களத்தில் செத்தார். நாடு விடுதலையானது. கூடப் போராடிய கருப்பின வீரர்கள் 1908-இல் தனிக்கட்சி தொடங்கினார்கள். 1912-இல் சுதந்திர கியூபாவின் ராணுவமே கருப்பர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. மாசியோவுக்குச் சிலை மட்டும் நிற்கிறது, குதிரைமேல்.

இங்கே எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வாங்க. ஆலை வாசலில் நிரந்தரத் தொழிலாளி ஒரு பக்கம், காண்ட்ராக்ட் ஆளு ஒரு பக்கம். கழிவுத்தொட்டியில் இறங்க எந்தத் தெருவில் ஆள் கூப்பிடுவாங்கன்னு நமக்குத் தெரியும். பிப்ரவரி 18, சிங்காரவேலர் பிறந்தநாளுக்கு மாலையோடு வருகிற சங்கத் தோழர்களிடம் கேட்போம்: அந்தக் காண்ட்ராக்ட் ஆளுக்கு உங்க சங்கத்தில் உறுப்பினர் அட்டை உண்டா, தோழர்?