நீல ஒளி காட்டும் எல்லை



மூளைக் கட்டியை அகற்றும் மருத்துவருக்குப் பெருஞ்சோதனை அதன் விளிம்பே. கிளையோமா என்னும் புற்றுக்கட்டி, வேரைப்போல் நல்ல திசுவினுள் ஊடுருவி நிற்கும். சாதாரண விளக்கொளியில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். குறைத்து வெட்டினால் நோய் விரைந்து திரும்பும். மிகுத்து வெட்டினால் பேச்சோ, கைகால் அசைவோ பறிபோகும்.

இதற்கு ஜெர்மானிய மருத்துவர் வால்டர் ஸ்டும்மரும் குழுவினரும் ஒரு வழி கண்டனர். மயக்கமருந்துக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் முன்னர், அமினோலெவுலினிக் அமிலம் கரைத்த நீரை நோயாளி பருகுகிறார். புற்றணுக்களில் அது வேறொரு பொருளாக மாறித் தேங்குகிறது. நுண்நோக்கியின் நீல ஒளி பட்டதும் கட்டி செந்நிறமாய் ஒளிர்கிறது. நல்ல திசு நீலமாகவே தோன்றுகிறது.

2006இல் வெளியான இவர்களது ஆய்வில், ஸ்கேன் படத்தில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டோர் இம்முறையில் 65 விழுக்காடு. வெள்ளொளியில் 36 விழுக்காடே. ஆயினும் இதனால் நோய் அறவே ஒழிவதில்லை. கதிர் சிகிச்சையும் மருந்தும் பின்னரும் தேவை.

மேலும், ஒளிர்வதெல்லாம் வெட்டத்தக்கதன்று. பேச்சுக்குரிய பகுதி ஒளிர்ந்தால், கத்தியை நிறுத்துவதே கடமையாகலாம். ஒளி எல்லையைக் காட்டும். எங்கே நிற்பதென மனிதரே தீர்மானிக்க வேண்டும். ஆகவே, எதை இழக்கத் துணியலாம், எதை இழக்கலாகாது என்பதை அறுவைக்கு முன்னரே நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரோடு மனம்விட்டுப் பேசிக்கொள்வது நன்று.