விசாவும் விண்ணப்பப் படிவமும்



கடந்த ஆண்டு மே மாதம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாள், அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸா வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். கையில் மகளின் மதிப்பெண் பட்டியல் இருந்தது. 600க்கு 541.

"ஹஜ்ரத், இவ வாப்பா ரியாத்திலேருந்து ராத்திரி பேசினாங்க. மகனுக்கு விசா வந்திருக்கு, ஒன்றரை லட்சம் கட்டணுமாம். இவளைக் காலேஜில சேர்த்தா பணத்துக்கு எங்கே போறதுன்னு கேக்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க" என்றார்.

அந்த வீட்டில் பிள்ளைகள் இருவரே. அதனால்தான் இப்படியொரு கேள்வி எழ முடிந்தது என்பதை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். என்னைப் பெற்ற உம்மாவின் முன்னே இக்கேள்வி ஒருநாளும் வந்து நின்றதில்லை. நாங்கள் ஏழு பேர். வாப்பாவுக்கு ஒரு சிறு மளிகைக் கடை. மூத்த காக்கா பதினேழு வயதில் துபாய்க்குக் கப்பலேறாத குறையாகப் பயணம் போனார். சகோதரிகள் நால்வரில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் எவருமில்லை. நான் அரபு மத்ரஸாவில் சேர்க்கப்பட்டதற்கு மார்க்கப் பற்று ஒரு காரணம்; அங்கே உணவும் உறைவிடமும் இலவசம் என்பது மற்றொரு காரணம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பின்னர் தபால் வழியில் வரலாற்றில் பி.ஏ. முடித்தேன். காக்கா அனுப்பிய பணம்தான் கட்டணமாயிற்று. அவர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதவேயில்லை.

இன்று குடும்பங்களின் அளவு மாறிவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய முஸ்லிம் பெண் ஒருவர் பெறும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை 1992-93இல் 4.4ஆக இருந்தது, 2019-21இல் 2.4ஆகக் குறைந்தது. தமிழகத்தில் எல்லாச் சமூகங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது 1.8 மட்டுமே. இதன் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஏழு பேருக்குப் பகிர்ந்த சோறும் புத்தகமும் இன்று இருவருக்கே பகிரப்படுகின்றன என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

அப்படியானால் படிப்பு எளிதாகியிருக்க வேண்டுமல்லவா? பாதி உண்மை. ஒரு காலத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. பிறகு பொறியியல் கல்லூரிகள் பெருகி, தமிழகத்தில் ஐந்நூறைத் தாண்டின. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. வேலைச் சந்தையும் தளர்ந்தது. ஆயிரக்கணக்கான இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. பல கல்லூரிகள் மூடப்பட்டன. கல்லூரியைத் தேடி மாணவன் அலைந்தது போய், மாணவனைத் தேடிக் கல்லூரி அலைகிறது. ஆனால் நல்ல கல்லூரியின் வாசல் இன்னும் குறுகலாகவே இருக்கிறது. கட்டணமோ ஏறிக்கொண்டே போகிறது.

இங்கே பெற்றோர் பலர் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே கல்லூரி, ஒரே பி.காம்., ஆனால் கட்டணம் இரண்டு வகை. அரசு உதவி பெறும் பிரிவில் ஆசிரியரின் ஊதியத்தை அரசு தருகிறது. கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தொண்ணூறுகளுக்குப் பின் தொடங்கப்பட்ட பிரிவுகள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவுகள். அங்கே ஆசிரியருக்கு ஊதியம் தருபவர் மாணவரின் தந்தைதான். விண்ணப்பப் படிவம் வாங்கும்போது இது எந்தப் பிரிவு என்று கேட்பவர் மிகச் சிலரே.

பழைய கல்லூரிகள் எப்படி எழுந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் தோன்றின. நம் முன்னோர் தோல் வணிகத்திலும் பிற வணிகங்களிலும் ஈட்டிய லாபத்திலிருந்து ஊருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கினார்கள். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின் வளைகுடாக் கதவு திறந்தது. நம் வீடுகளுக்கு மாதச் சம்பளம் வரத் தொடங்கியது. வணிக லாபம் கல்லூரியாயிற்று. மாதச் சம்பளமோ பெரும்பாலும் மாடி வீடாகவும், நகையாகவும், கல்யாண விருந்தாகவும் ஆயிற்று. கடுமையாகச் சொல்கிறேனோ? சம்பளக்காரரின் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். 2014இல் எண்ணெய் விலை சரிந்ததும், சவூதி அரேபியா 2017 முதல் உடன் வசிக்கும் குடும்பத்தினருக்கு மாதக் கட்டணம் விதித்ததும், 2020இன் கொரோனாவும் எத்தனை பேரைப் பெட்டியோடு திருப்பி அனுப்பின என்பதை எங்கள் மஹல்லாவிலேயே எண்ணிக் காட்ட முடியும்.

ஆண்பிள்ளைகளின் படிப்பில் கடவுச்சீட்டுக்கும் ஒரு பங்குண்டு. பத்தாம் வகுப்பு தேறியவருக்குக் குடியகல்வுச் சோதனை முத்திரையற்ற கடவுச்சீட்டு கிடைக்கும். எனவே பல வீடுகளில் பத்தாம் வகுப்பே படிப்பின் எல்லையாகிவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு விசா வருவதில்லை. ஆகவே அவர்கள் படித்துக்கொண்டே போனார்கள். 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்வி பயின்ற முஸ்லிம்கள் ஏறத்தாழ 21 லட்சம். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். அதற்கு முந்தைய ஆண்டில் மொத்த எண்ணிக்கை சுமார் 19 லட்சமாகச் சரிந்திருந்தது என்பதையும் மறக்கலாகாது.

அந்தத் தாயின் கணவரிடம் அன்றிரவே பேசினேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே உழைப்பவர். பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "இவ டிகிரி முடிச்சா, பத்தாவது முடிச்ச பையனுக்குக் கொடுக்கவா ஹஜ்ரத்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லாமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு மற்றொரு தந்தை வந்தார். "நிக்காஹை முடித்துவிடுங்கள், படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பியவன் நான். அந்தப் பெண் இன்று தன் மகனை எங்கள் மத்ரஸாவுக்கு அழைத்து வருகிறார். சலாம் சொல்கிறார். பதில் சலாம் சொல்லிவிட்டு நான் கிதாபைப் புரட்டுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

மறுவாரம் தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு பக்கத்து நகரத்துக் கல்லூரிக்குப் போனேன். அரசு உதவி பெறும் பிரிவில் பி.எஸ்ஸி. கணிதம் கிடைத்தது. ஆண்டுக் கட்டணம் விசாவுக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ்வழியில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவளாதலால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் சேர்ந்தாள். 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்கெனத் தொடங்கிய அத்திட்டம் 2024 இறுதியில்தான் இவர்களுக்கும் விரிந்தது. முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் தேவைப்படுவோர், தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

மகன் ஆகஸ்டில் பயணம் போனான். விசாப் பணத்தில் பாதி கடன். சென்ற வாரம் அவனே என்னை அழைத்தான். "ஹஜ்ரத், இங்கே இருந்துகொண்டே தபால் வழியில பி.காம். படிக்க முடியுமா? தேர்வு எழுத ஊருக்கு வரணுமா?" என்று கேட்டான். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். விவரம் கிடைத்ததும், இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகிறேன்.