கொல்லர் வீட்டில் வளர்ந்த குழந்தை





ஒரு தாயின் கவலை எனக்குக் கடிதமாக வந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகன், பின்வளவில் சிறியதோர் உலை வைத்து இரும்பு அடிக்கத் தொடங்கியிருக்கிறானாம். கையெல்லாம் கரி, சட்டையெல்லாம் ஓட்டை. “உங்கட மகன் கொல்லனாகப் போறானா?” என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்களாம். “மௌலவி, தடுக்கவா, விடவா?” என்று கேட்டிருந்தார்.

சகோதரியே, முதலில் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வோம். அல்குர்ஆனில் ஓர் அத்தியாயத்துக்கே ‘அல்ஹதீத்’, அதாவது இரும்பு என்று பெயர். இரும்பில் கடும் வலிமையும் மனிதருக்குப் பயன்களும் இருப்பதை அதன் 25ஆவது வசனம் சொல்கிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹுத் தஆலா இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். கவசங்கள் செய்யவும் அவற்றின் வளையங்களை அளவோடு கோக்கவும் பணித்தான் (ஸபஃ: 10, 11). அரசராக இருந்தும் தமது கையுழைப்பிலேயே உண்டவர் அவர் என்பது புஹாரியில் வரும் செய்தி.

ஒரு தாயின் உள்ளத்தைத் தொடும் செய்தி இன்னொன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் தமது குழந்தை இப்ராஹீமைப் பாலூட்டி வளர்க்க ஒப்படைத்த வீடு எது தெரியுமா? மதீனாவில் அபூ ஸைஃப் என்ற கொல்லரின் வீடு. ஒருமுறை நபியவர்கள் அங்கு சென்றபோது அவர் துருத்தி ஊதிக்கொண்டிருந்தார். வீடு முழுவதும் புகை. கூடச் சென்ற அனஸ் (ரழி) அவர்கள் முந்தி ஓடி, நபியவர்கள் வருகிறார்கள் என்று சொல்லி வேலையை நிறுத்தச் செய்தார்கள். பிறகு நபியவர்கள் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி அணைத்துக்கொண்டார்கள் என்று முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்தப் புகையை அவர்கள் இழிவாக எண்ணவில்லை. நாம் ஏன் எண்ண வேண்டும்?

நமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றின் வேகத்தாலேயே உலை எரித்து இரும்பு எடுத்த தடயங்களை 1990களில் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். 9ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்கள் பற்றிய தமது நூலில் ஸரன்தீபின் பெயரையும் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆகவே தடுக்க வேண்டாம். ஆனால் கவனியாமலும் விட வேண்டாம். வாப்பாவின் மண்வெட்டியைத் தட்டக் கொடுக்கப் போய், கம்மாலை வாசலில் மணிக்கணக்கில் நின்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், மகனிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உலைக்குப் பெரிய செலவில்லை. லொறியின் பழைய பிரேக் டிறம் ஒன்று, அடியில் காற்றுச் செல்ல ஓர் இரும்புக் குழாய், எரிக்கச் சிரட்டைக்கரி. துருத்தி இல்லாதவர்கள் தலைமயிர் உலர்த்தும் மெஷினால் ஊதுகிறார்கள். உங்களுடையது காணாமற்போனால் எங்கே தேடுவதென்று இனித் தெரியும்! அடித்து எடுக்கக் கனத்த இரும்புக் கட்டி ஒன்று வேண்டும். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி தொடும் உயரத்தில், மரக்குற்றியின் மேல் அசையாமல் பதிக்க வேண்டும். இரண்டு இறாத்தல் சுத்தியலும் நழுவாத குறடும் போதும்.

அடிப்பதற்கு நிறம்தான் வழிகாட்டி. செம்மஞ்சள் முதல் மஞ்சள் வரை இரும்பு சொன்னதைக் கேட்கும். மங்கிய சிவப்புக்கு வந்துவிட்டால் மறுபடி உலையில் வைக்க வேண்டும். ஆறியதை அடித்தால் வெடிப்பு விழும். வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது, அந்தத் துண்டு பழுது. கம்பி நுனியைக் கூராக்கும்போது எடுத்த எடுப்பில் உருட்டி அடிக்கக் கூடாது, உள்ளே பிளந்துவிடும். முதலில் சதுரமாக்கி, பிறகு விளிம்புகளைத் தட்டி எட்டுப் பக்கமாக்கி, கடைசியில் உருட்ட வேண்டும். முதல் வேலையாக உங்கள் குசினிக்கு நாலு கொக்கி செய்து தரச் சொல்லுங்கள்.

கத்தி செய்யும் ஆசை பிறகு வரும். அதற்குச் சாதாரணக் கம்பி சரிவராது. வாகனத்தின் பழைய வில்லுத்தகடு நல்ல உருக்கு. அடித்த அலகைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி, தாவர எண்ணெயில் தோய்த்தால் மிகக் கடினமாகும். ஆனால் அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடைந்துவிடும். எண்ணெயைத் துடைத்து, கேக் போடும் ஒவனில் 200 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தெடுத்தால்தான் பதமாகும். கடினம் மட்டும் போதாது, பதமும் வேண்டும். பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி உங்கள் பொறுப்பு. உலை வெளியில்தான் இருக்க வேண்டும். அடைத்த அறையில் கரி எரிந்தால் வாசனையே இல்லாத நச்சுவாயு உயிரைக் குடிக்கும். நாகம் பூசிய குழாயையோ தகட்டையோ நெருப்பில் வைக்கவே கூடாது. அந்த வெண்புகை காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் தரும். கண்ணுக்குக் கண்ணாடி, உடம்புக்குப் பருத்தி உடுப்பு, காலுக்குச் சப்பாத்து. சாரமும் றப்பர் செருப்பும் கூடாது. எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். கறுத்துக் கிடக்கும் இரும்பும் கையைச் சுடும், ஆகவே சின்னப் பிள்ளைகள் அருகில் வரக் கூடாது.

இன்னும் இரண்டு விடயங்கள். பழைய இரும்பு வாங்கும்போது அது எங்கிருந்து வந்ததென்று கேட்கட்டும். தண்டவாளத்திலும் பாலத்திலும் கழற்றிய பொதுச் சொத்து நமக்கு ஹலாலாகாது. அடுத்தது, வாள் போன்ற எதையும் விளையாட்டுக்காகவும் செய்யக் கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் நடந்த தேடுதல்களில், வீட்டிலிருந்த கத்திகளுக்கும் நம்மவர்கள் பதில் சொல்ல நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. குசினிக்கும் தோட்டத்துக்கும் உதவுவதை மட்டும் செய்யட்டும்.

அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொண்டு, பிராணிக்கு வேதனையைக் குறைக்கும்படி நபியவர்கள் கட்டளையிட்டார்கள். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வீட்டு உழ்ஹிய்யாக் கத்தியை மகனிடம் கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். சிரித்த சொந்தக்காரர்களும் தங்கள் கத்தியைக் கொண்டுவருவார்கள். அப்போது கூலியை மறக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்கள் மகனின் கைகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.