நாணயம் தேடும் கருவியும் நம் ஊர் மண்ணும்

பிளஸ் டூ படிக்கும் மாணவன் ஒருவன் சென்ற விடுமுறையில் இரண்டு பழைய மெட்டல் டிடெக்டர்களைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தான். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய மாமா வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் குறைந்த விலைக்கு வாங்கி வந்தவை அவை. ஒன்று 1970-களில் செய்யப்பட்டது. மற்றது 1980-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. "சார், பழைய காசு தேட இதுல எது நல்லது?" என்று கேட்டான்.

இளம் நண்பர்களே, என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியை மட்டும் பார்த்து இக்கேள்விக்கு விடை கூற இயலாது. எந்த மண்ணில் தேடப்போகிறாய் என்று கேட்க வேண்டும். எதற்காகத் தோண்டப்போகிறாய் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்வி பௌதிகத்தைச் சேர்ந்தது. இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

முதலில் பௌதிகம். அவன் கொண்டுவந்த மூத்த கருவி விம்மல் தத்துவத்தில் இயங்குவது. இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்து விம்மல்களை எண்ணும் பாடத்தைப் படித்திருப்பீர்கள். இக்கருவியில் இசைக்கவைகளுக்குப் பதிலாக இரண்டு மின் அலையியற்றிகள் உள்ளன. ஒன்று 1,00,000 ஹெர்ட்சிலும் மற்றது 1,00,500 ஹெர்ட்சிலும் அதிர்ந்தால், காதில் விழுவது 500 ஹெர்ட்ஸ் ஒலி. இரண்டில் ஒன்றின் சுருள் தரையை நோக்கிப் பிடிக்கப்படும் வட்டத்தில் இருக்கிறது. அதனடியில் செம்போ வெள்ளியோ வந்தால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, சுருளின் மின்தூண்டல் எண்ணைச் சிறிது குறைக்கும், அதிர்வெண் மாறும், ஒலியின் சுருதி மாறும். இவ்வளவுதான் அதன் இரகசியம்.

இளைய கருவி வேறு வகை. அதில் ஒரு சுருள் அனுப்பும்; மற்றொரு சுருள் கேட்கும். இரண்டும் ஒன்றன் புலம் மற்றதைப் பாதிக்காத வகையில் அமைக்கப்பட்டிருக்கும். உலோகம் குறுக்கே வந்தால் இந்தச் சமநிலை குலைந்து கேட்கும் சுருளில் சைகை தோன்றும். சைகையின் அளவை மட்டுமன்றி அதன் கட்டத்தையும், அதாவது அனுப்பிய அலைக்கு எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதையும், இக்கருவி பார்க்கிறது. இரும்பு மணலின் சைகை ஏறக்குறைய பின்தங்காமல் வரும். நாணயத்தின் சைகை பின்தங்கி வரும். ஆகவே ஒரு குமிழைத் திருகி மண்ணின் சைகையை மட்டும் கழித்துவிடலாம். இதற்கு மண் சமன் செய்தல் என்று பெயர்.

இரண்டையும் மூன்று இடங்களில் சோதித்தோம். 1980-களின் செம்பு-நிக்கல் ஒரு ரூபாய் நாணயத்தை நாங்களே புதைத்து, நாங்களே தேடினோம். நாஞ்சில் நாட்டு வயலின் வண்டல் மண்ணில் மூத்த கருவி சுமார் 9 செ.மீ. ஆழம் வரை உணர்ந்தது. இளையது 17 செ.மீ. வரை. தக்கலைப் பக்கத்துச் செம்மண்ணில் மூத்தது 5 செ.மீ.க்கு இறங்கிவிட்டது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதன் நிலையைச் சொல்லவே வேண்டாம்! வட்டத்தை ஓர் அங்குலம் உயர்த்தினால் ஒரு சுருதி, தாழ்த்தினால் வேறொன்று. நாணயம் இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒன்றுபோலவே ஊளையிட்டன. மண் சமன் குமிழைத் திருகிய பின் இளைய கருவி உலர்ந்த மணலில் 12 செ.மீ. ஆழத்தில் தெளிவாக ஒலித்தது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. அந்தக் கரிய மணலில் இல்மனைட் நிறைந்திருக்கிறது. அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அங்குள்ள மணல் ஆலையில் காந்தத்தைக் கொண்டுதான் இல்மனைட்டைப் பிரிக்கிறார்கள். காந்தத்திற்கு இணங்கும் மணல், சுருளின் புலத்திற்கும் இணங்கத்தானே செய்யும்?

சுற்றுப்புறம் கருவியை ஏமாற்றுவது புதிய கதையன்று. 1881-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று அறிய, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் தாமே ஒரு தூண்டல் சமநிலைக் கருவியை அமைத்துக்கொண்டு வந்தார். கருவி நல்ல கருவிதான். ஆனால் குண்டு அகப்படவில்லை. நோயாளியின் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான மற்றொரு மெத்தை இருந்தது பெல்லுக்குப் பின்னரே தெரிந்தது. மருத்துவர் காட்டிய பக்கமும் தவறானது. ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்ற கருவி படுக்கையருகே தோற்றது. மணவாளக்குறிச்சி மணலும் அத்தகைய ஒரு கம்பி மெத்தைதான்.

இனி, விளம்பரங்களைப் பற்றி ஒரு சொல். "இரு மடங்கு ஆற்றல்" என்று கண்டால் மயங்காதீர்கள். சிறிய பொருளை நோக்கிச் செல்லும் புலம் தொலைவின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. திரும்பி வரும் சைகையும் அவ்வாறே. ஆகச் சைகை ஏறக்குறைய ஆறாம் படிக்குக் குறையும். ஆழம் இரு மடங்கானால் சைகை 64-இல் ஒரு பங்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: சைகையை இரு மடங்காக்கினாலும் ஆழம் கூடுவது நூற்றுக்குப் பன்னிரண்டு அளவே. பத்து செ.மீ. என்பது பதினொன்று சொச்சம் ஆகும். புதிய கருவிகள் பழையவற்றைவிட மேலானவை என்றால், மண்ணையும் குப்பையையும் பிரித்தறிவதில்தான் மேலானவை.

குப்பை என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. இளைய கருவியில் இரும்பை ஒதுக்கும் குமிழ் ஒன்றும் உண்டு, ஆணிகளுக்காக வைத்தது. நம்முடைய எஃகு ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் என்பது நீங்கள் அறிந்ததே. அந்தக் குமிழைத் திருகியபின் நம் ரூபாயை அது ஒரு முறை நாணயம் என்றது, மறுமுறை ஆணி என்றது! பழைய பத்துப் பைசா அலுமினியமோ ஒவ்வொரு முறையும் அழகாக ஒலித்தது.

துடிப்புத் தூண்டல் வகை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஈர உப்பு மணலில் அதுவே சிறந்தது. ஆனால் ஆணிக்கும் காசுக்கும் வேற்றுமை அறியாது. மாணவர்க்கு அது வேண்டியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. தொலைந்த மோதிரம், சாவி தேட மண் சமன் உள்ள இளைய கருவி நல்லது. கற்பதற்கு மூத்த கருவியே நல்லது. அதுபோன்ற ஒன்றை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு நீங்களே செய்துவிடலாம். பழைய காசு தேட? இரண்டுமே வேண்டாம் என்பேன்.

மாணவனின் முகம் வாடிவிட்டது. அவன் மனத்தில் ஓர் இடம் இருந்தது: ஊருக்கு வெளியே ஓர் இடிந்த மண்டபத்தின் பின்புறம். மழைக்குப் பின் அங்கே யாரோ திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் ஒன்றைக் கண்டெடுத்தார்களாம். இருக்கலாம். இம்மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை கேரளப் பகுதிகளோடு சேர்ந்திருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்று நம் தாத்தாக்கள் கணக்குப் போட்டவர்கள். மிளகைவிடச் சற்றே பெரிய அந்தச் சக்கரங்களைக் கையால் எண்ண முடியாமல், குழிகள் செதுக்கிய மரப்பலகையில் பரப்பி எண்ணுவார்களாம்.

"நாம எடுக்கலைன்னா வேற யாராவது எடுத்து உருக்கிடுவாங்களே சார்?" என்றான் அவன். நேர்மையான கேள்வி, எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, அந்த மண்ணடுக்குகளின் காலத்தை அறிவித்தவை இத்தாலி நாட்டு மட்பாண்டத் துண்டுகள். அவற்றின் காலம் ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பானைகளின் காலமும் தெரிந்தது. ஓட்டுத் துண்டுக்கு மெட்டல் டிடெக்டர் ஒலிக்குமா? ஒலிக்காது. எலும்புக்கும் மணிக்கும் கரிக்கும் ஒலிக்காது. ஒலித்த இடத்தில் குழி தோண்டிக் காசை எடுப்பவன், ஒலிக்காதவற்றையெல்லாம் குலைத்துவிட்டுப் போகிறான். அந்த அடுக்கை மீண்டும் அடுக்க எவராலும் ஆகாது.

1992-இல் இங்கிலாந்தின் ஹாக்சன் ஊரில் ஒரு குடியானவர் வயலில் சுத்தியலைத் தொலைத்தார். தேடித் தரக் கருவியோடு வந்த நண்பருக்கு ரோமானியப் பொற்காசுகள் தட்டுப்பட்டன. அவர்கள் சிறிது தோண்டியதும் நிறுத்திவிட்டுச் செய்தி சொல்லி அனுப்பினார்கள். தொல்லியலாளர் வந்து முறையாக அகழ்ந்ததில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்களும், அவற்றை வைத்திருந்த பெட்டியின் அடையாளமும் கிடைத்தன. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அன்றைய பத்து ரூபாய் என்பது நூறு கிராமுக்கு மேல் வெள்ளி. இன்றைய பத்து ரூபாய்க்கு ஒரு டீ கிடைத்தால் பெரிது. இந்தச் சட்டத்தின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. உழும்போது ஒரு காசு கிடைத்தவர் மனுவும் கையுமாகக் கலெக்டர் அலுவலகம் போவார் என்று எதிர்பார்க்கலாமா? அவர் பயந்து தட்டானிடம்தான் போவார். காசைப் பார்த்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ள ஒருவர் ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் வேண்டும். இங்கிலாந்தில் 1997 முதல் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறார்கள். அது இங்கே வரும் வரை, வீட்டு முற்றத்தில் தேடுவோம். மண்டபத்தின் பின்புறத்தை விட்டுவிடுவோம்.

மாணவன் முழுமனத்தோடு ஒப்பினான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அம்மாள் வைக்கோற்போரடியில் தொலைத்த கம்மலை இளைய கருவியால் எடுத்துக் கொடுத்தான். மூத்த கருவி இப்போது என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. அதன் சுற்றை வரைந்துகொண்டிருக்கிறோம்.

நீங்களும் ஒன்று செய்தால், ஒரே நாணயத்தை உங்கள் ஊர் மண்ணில் 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் புதைத்துப் பாருங்கள். மண் உலர்ந்திருக்கையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. எந்த ஆழத்தில் ஒலி நின்றது, மண் எத்தகையது என்பதை எழுதுங்கள். தஞ்சாவூர்க் களிமண்ணின் அளவும் தேரிக்காட்டுச் செம்மணலின் அளவும் என் கையில் இல்லை.