விளைவது இங்கே; தீவனம் எங்கே?

கீழப்பழுவூர் பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் ஒரு ஜில்லாவின் பொருளாதாரமே கண் முன்னால் ஓடும். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போகும். சிமெண்ட் மூட்டை லாரி ஒன்று போகும். சாத்தமங்கலம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும். அறுவடைக் காலமானால் மக்காச்சோள மூட்டைகள் நாமக்கல் பக்கம் போகும். போவதுதான் தெரிகிறது, திரும்பி வருவது என்ன? கூலிக்காரன் கையில் மிஞ்சுவது என்ன? இந்தக் கேள்வியை ஒரு சிறிய விஷயத்தை வைத்துப் பார்ப்போம். அது பன்றித் தீவனம்.

பன்றி என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்! நிலமில்லாத குடும்பத்துக்கு, முதல் இல்லாத குடும்பத்துக்கு, நாலு சென்ட் மனையில் சில மாதங்களில் காசு தரக்கூடிய பிராணி பன்றி. 114 நாள் சினை. அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஓர் ஈற்றுக்கு வெள்ளை யார்க்‌ஷயர் இனம் எட்டிலிருந்து பன்னிரண்டு குட்டி வரை போடும். எட்டு, பத்து மாதத்தில் குட்டி எண்பது கிலோவைத் தாண்டும். இவ்வளவு வேகமாகப் பலன் தரும் பிராணியை வளர்ப்பவன் ஏன் இன்னும் ஏழையாகவே இருக்கிறான்? பிராணி மீது குற்றமில்லை. குற்றம் தீவனக் கணக்கில் இருக்கிறது.

பன்றி வளர்ப்பில் ஆகும் செலவில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. மாடு வைக்கோலைத் தின்று வாழும். ஆடு வேலியோரத்துத் தழையைத் தின்று வாழும். பன்றிக்கு ஒரே இரைப்பை. வைக்கோலைச் செரிக்க அதனால் ஆகாது. அதற்குத் தானியமும் பிண்ணாக்கும் தவிடும் வேண்டும். உடம்பில் ஒரு கிலோ ஏற மூன்றரைக் கிலோ தீவனம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பால் மறந்த குட்டி எழுபது கிலோ ஏற 245 கிலோ தீவனம் தின்னும். தீவனம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைந்தால் ஒரு பன்றிக்கு 1,225 ரூபாய் மிச்சம். பத்துப் பன்றி வளர்ப்பவனுக்கு 12,250 ரூபாய். கூலிக் குடும்பத்துக்கு இது சில்லறைக் காசல்ல. பிள்ளையின் படிப்புச் செலவு.

அந்த ஐந்து ரூபாயை எப்படிக் குறைப்பது? வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. கீழப்பழுவூரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்கள் தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பெயர் பெற்றவை. கம்பும் சோளமும் மானாவாரியில் விளைகின்றன. கடலை விளைகிறது, செக்கில் பிண்ணாக்கு கிடைக்கிறது. தெற்கே கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் நெல். அரைவை மில்லில் தவிடும் குருணையும். சர்க்கரை ஆலையில் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக்காடு. கொட்டையைத் திருகிக் கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறார்கள். மேற்கே ஆத்தூர், சேலம் பக்கம் போனால் மரவள்ளியும், ஜவ்வரிசி ஆலைகளின் திப்பியும்.

இவற்றைக் கலக்கும் முறையும் ரகசியமல்ல. வளரும் பன்றிக்கு நூறு கிலோ தீவனம் வேண்டுமானால் மக்காச்சோளம் 50, கடலைப் பிண்ணாக்கு 20, தவிடு 18, மீன் தூள் 5, கழிவுப்பாகு 5, தாது உப்புக் கலவை ஒன்றரை, சாப்பாட்டு உப்பு அரைக்கிலோ. மக்காச்சோளம் விலை ஏறினால் ஒரு பகுதிக்குக் குருணையோ கம்போ காய்ந்த மரவள்ளிச் சில்லோ போடலாம். ஆனால் மரவள்ளியில் மாவுதான் உண்டு, புரதம் இல்லை. அதைக் கூட்டினால் பிண்ணாக்கையும் கூட்ட வேண்டும். இதை மறந்தவன் பன்றி வயிறு நிரம்பும், எடை ஏறாது.

எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். மலிவு என்று எதையும் கொட்டக் கூடாது. பச்சை மரவள்ளியில் விஷம் உண்டு. சீவி நன்றாக வெயிலில் காய வைத்தால்தான் குறையும். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு ஈரலைத் தின்றுவிடும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு மாட்டுக்கு நல்லது, பன்றிக்கு ஆகாது. தவிட்டை வாரக்கணக்கில் வைத்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துக் கெடும். முந்திரிப் பழத்தைக் காய வைத்துக் கொஞ்சம் சேர்க்கலாம். கொட்டை ஓடு ஒரு துண்டும் விழக்கூடாது, அதன் பால் வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஓட்டல் எச்சில் விஷயம். ஏழை வளர்ப்பாளன் இன்று நம்பியிருப்பது அதைத்தான். வேகவைக்காத எச்சிலால் நோய் வருகிறது. பிரிட்டனில் 2001-ல் கோமாரி நோய் நாடு முழுவதும் பரவியபோது, அதன் தொடக்கம் எச்சில் போட்டு வளர்த்த ஒரு பன்றிப் பண்ணை என்று கண்டார்கள். அந்த வருஷமே எச்சில் தீவனத்தைத் தடை செய்தார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அஸ்ஸாமில் நுழைந்தது. 2023-ல் நம் முதுமலைக் காட்டுப் பன்றிகளிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோய் வந்தால் கொட்டிலே காலி. ஆகவே எச்சிலைப் போட்டாலும் நன்றாகக் கொதிக்க வைத்தே போட வேண்டும். விறகுக்குக் காசு எங்கே என்று அவன் கேட்கிறான். நியாயமான கேள்வி! எச்சிலை விட்டு அவன் வெளியே வர வேண்டுமானால் கலப்புத் தீவனம் அவன் விலைக்கு எட்ட வேண்டும்.

எட்டுகிறதா? இங்கேதான் அரசியல் வருகிறது. பெட்ரோலில் 20 சதம் எத்தனால் கலப்பது என்று மத்திய சர்க்கார் முடிவெடுத்தது; 2025-ல் அந்த அளவை எட்டியும் விட்டது. அதற்காக மக்காச்சோளம் சாராய ஆலைகளுக்குத் திருப்பப்பட்டது. விளைவு, ஏற்றுமதி செய்து வந்த நாடு 2024-ல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நாடாயிற்று. கோழிப் பண்ணை முதலாளி அழுதான். அவன் குரல் டெல்லிக்குக் கேட்டது. இரண்டு தாய்ப்பன்றி வைத்திருப்பவன் அழுதது யாருக்குக் கேட்டது?

சரி, விலை ஏறியதால் விவசாயியாவது வாழ்ந்தானா? 2025-26-க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த வருஷ முடிவில் கர்நாடகத்தில் விலை அதற்கு வெகு கீழே விழுந்து, விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஏறினால் தீவனம் வாங்குபவன் சாகிறான். இறங்கினால் விளைவித்தவன் சாகிறான். நடுவில் இருப்பவன் மட்டும் இரண்டு காலத்திலும் பிழைக்கிறான்!

சர்க்கார் உதவியே இல்லையா என்றால், இருக்கிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 50 சதம் மானியம். ஆனால் யாருக்கு? 50 தாய்ப்பன்றி, 5 கிடா வைப்பவனுக்கு 15 லட்சம் வரை. 100 தாய்ப்பன்றி, 10 கிடா வைப்பவனுக்கு 30 லட்சம் வரை. மீதிப் பாதியை அவனே போட வேண்டும், அல்லது பாங்கியில் வாங்க வேண்டும். நாலு சென்ட் மனைக்காரன் இந்த வாசற்படியைத் தாண்ட முடியுமா? காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் நல்ல பன்றி இனம் உருவாக்கியிருக்கிறார்கள். தீவன முறைகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அறிவு இருக்கிறது. அது கீழப்பழுவூர்ச் சேரிக்கு வந்து சேரப் பாதை இல்லை.

பாதை எது? கூட்டுறவுதான். டென்மார்க் விவசாயிகளைப் பாருங்கள்! 1882-ல் கூட்டுறவுப் பாலாலை தொடங்கினார்கள். வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பாலைப் பன்றிக்கு ஊற்றினார்கள். 1887-ல் ஹார்சென்ஸ் நகரில் சொந்தமாகக் கூட்டுறவுப் பன்றி இறைச்சி ஆலையும் கண்டார்கள். ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் மூலப்பொருள் ஆயிற்று. லாபம் தரகனிடம் போகாமல் உறுப்பினரிடமே தங்கிற்று. அவர்கள் மந்திரம் ஒன்றும் செய்யவில்லை, சங்கமாகச் சேர்ந்தார்கள்.

நம் கோரிக்கைகள் இவை. கீழப்பழுவூரில் கூட்டுறவுத் தீவனக் கலவை நிலையம் ஒன்று வேண்டும். ஓர் அரவை யந்திரம், ஒரு கலவை யந்திரம், ஒரு கிடங்கு இருந்தால் தொடங்கலாம். அறுவடையில் விலை விழும்போது அது ஆதரவு விலைக்கு மக்காச்சோளம் வாங்கி வைக்கட்டும். விளைவித்தவனும் பிழைப்பான், வளர்ப்பவனும் பிழைப்பான். மொலாசஸ் 1958-ம் வருஷத்திய விதிகளின் கட்டுக்குள் இருக்கிறது; சாராய ஆலைக்குத் திறக்கும் கதவு தீவனச் சங்கத்துக்கும் திறக்கட்டும். ஐம்பது தாய்ப்பன்றி என்ற வரம்பை, ஆளுக்கு இரண்டு வைத்திருக்கும் இருபத்தைந்து பேர் சேர்ந்த சங்கத்துக்கும் பொருத்தட்டும். பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி வீடு தேடி வரட்டும்.

இதில் பொது சுகாதாரமும் அடங்கியிருக்கிறது. தெருவில் மேயும் பன்றியால் நாடாப்புழு பரவுகிறது என்று நகராட்சிகள் வண்டி வைத்துப் பிடிக்கின்றன. பிடித்துப் போனால் பறிபோவது ஓர் ஏழையின் முழு முதல். அவன் ஏன் தெருவில் விட்டான்? கொட்டிலில் அடைத்தால் போட தீவனம் இல்லை. தீவனத்துக்கு வழி செய்யுங்கள், பன்றி தானே கொட்டிலுக்குள் போகும்! வளர்ப்பவனை இழிவாகப் பேசும் வாய்க்கும் வேலை குறையும்.

தோழர்களே! கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுங்கள். உங்கள் ஊரில் பன்றி வளர்ப்போர் எத்தனை குடும்பம், தவிடும் பிண்ணாக்கும் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், எங்கே வாங்குகிறார்கள் என்று வீடு வீடாய்க் கணக்கெடுங்கள். மக்காச்சோளம் விளைவிப்பவனையும் பன்றி வளர்ப்பவனையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். இருவரும் ஒருவர்க்கொருவர் எதிரி என்று தரகன் சொல்லி வைத்திருக்கிறான். அந்தப் பொய் உடைந்த அன்று கீழப்பழுவூர் வழியாகப் போகும் லாரிகளில் ஒன்றாவது நம் சங்கக் கிடங்கின் முன்னால் நிற்கும்.